நாகுவின் தாடைக் கையெழுத்து

என் தம்பி நாகேஸ்வரன் ஜெயித்ததை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பிறந்த அன்று அவன் அழவில்லை. பிழைத்தால் அதிசயம் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். பிழைத்தான். தலை நிற்காது என்றார்கள், நின்றது. இரண்டு பள்ளிக்கூடங்கள் அவனைத் திருப்பி அனுப்பின. மூன்றாவதில் சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தந்தவருக்கு விடைகளைச் சொல்லிச் சொல்லியே பத்தாம் வகுப்பை முதல் வகுப்பில் தாண்டினான். அதே பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் தோற்று வீட்டோடு நின்றவள். செஸ் போட்டியில் மாவட்டக் கோப்பை வாங்கினான். அவன் சொல்லச் சொல்லக் காய்களை நகர்த்தியவள் நான்தான். ஆனால் குதிரை எப்படிப் போகும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதனால் அந்தக் கோப்பையில் எனக்குப் பங்கில்லை. கை விரல்கள் வசப்படாதவன் கம்ப்யூட்டர் தொட முடியாது என்றார்கள். தாடையால் ஓட்டினான்.

ஒன்றே ஒன்று மட்டும் நாற்பது வயது வரை அவனுக்குக் கிடைக்காமல் இருந்தது. சொந்தக் கையெழுத்து.

அவன் மூளையிலிருந்து கைகால்களுக்குப் போகிற கட்டளை போகும் வழியில் குழம்பிவிடுகிறது. அறிவில் ஒரு குறையும் கிடையாது. பேச்சும் அப்படித்தான், தெளிவாக நினைத்ததை நாக்கு குழப்பிவிடும். கூடவே வளர்ந்த எனக்கு அது சாதாரணப் பேச்சாகக் கேட்கிறது. மற்றவர்களுக்கு வெறும் சத்தம்.

பேங்கிலும் பென்ஷன் ஆபீசிலும் அவனுக்குப் பெருவிரல் ரேகைதான். இறுகி மூடியிருக்கும் முஷ்டியை நான் ஒவ்வொரு விரலாகப் பிரிப்பேன். மை தடவுவேன். யாராவது ஒருவர் அந்த விரலைப் பிடித்துக் காகிதத்தில் அழுத்துவார். அழுத்தும்போது நாகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். கீழே காப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து விழும்.

"என் பேருக்கு அடியில போட்டுப் போட்டே ஒன் கையெழுத்து நன்னாயிடுத்து, அக்கா" என்பான்.

நாங்கள் இருப்பது திருவனந்தபுரம் வலியசாலையில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் ரவிக்கை தைக்கிறேன். அவன் தெருவைப் பார்த்த முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பான். வீடியோப் பாடங்களின் அடியில் ஓடுகிற எழுத்துகளைக் கேட்டுப் பார்த்துத் திருத்துகிற வேலை. இரண்டு வருஷமாக அதைத் துண்டு துண்டாகச் செய்து வந்தான். அதற்கான பணம் என் பெயரில் வந்தது. மார்ச் மாதம் அந்தக் கம்பெனி அவனை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள முன்வந்தது. வீட்டிலிருந்தே வேலை, அவன் பெயரிலேயே நியமனம்.

பெங்களூர் ஆபீசிலிருந்து ரேஷ்மி என்ற பெண் போனில் பேசினாள். தன்மையானவள். "காப்பாளர் கையெழுத்துப் போட்டா போதும், மேடம்" என்றாள். நாகு திரையில் எழுத்து எழுத்தாகத் தட்டி அவளுக்குப் பதில் அனுப்பினான்: நான் போடுகிறேன். அப்படியானால் ஒரு லிங்க் வரும், அதில் இருக்கிற கட்டத்துக்குள் எப்படி வேண்டுமானாலும் வரையலாம், அவரே வரைந்தால் போதும் என்றாள். "ஆனா வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு லிங்க் மூடிடும். அதுக்கு அப்புறம் லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். அது என் கையில இல்லை."

லிங்க் திங்கட்கிழமையே வந்துவிட்டது. அன்றே போட்டிருக்கலாம். நாகுவுக்கு மனசு வரவில்லை. படம் வரைகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தன் பெயரை எழுதிப் பார்த்தான். படித்தது மலையாளத்தில் என்றாலும் கையெழுத்து தமிழில்தான் என்று பிடிவாதம். 'கே'யின் கொம்பு ஒருநாள் உருளைக்கிழங்கு மாதிரி வரும், ஒருநாள் குடை மாதிரி வரும். "முதல் கையெழுத்து. கோணலா இருக்கப்படாது" என்பான். நானும், ஆகட்டும், தையலில் ஒரு நூல் விலகினாலே பிரித்துத் தைக்கிறவள் நான், இவன் என் தம்பிதானே என்று இருந்துவிட்டேன்.

அவன் தாடைக்குச்சியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சக்கர நாற்காலியில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் தாடைக்குக் கீழே ஒரு ரப்பர் குமிழ். குமிழைத் தாடையால் தள்ளினால் திரையில் அம்பு நகரும். கீழே அழுத்தினால் தட்டியதாகக் கணக்கு. அதை இயக்குகிற புரோகிராம் பழையது. செய்தவர்கள் கடையை மூடிவிட்டார்கள். அதனால் கம்ப்யூட்டரின் சிஸ்டம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் குச்சி செத்துப்போகும். இரண்டு தடவை அப்படி ஆயிற்று. கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் பிரதீஷ், செஸ்ஸில் நாகுவுக்குப் பழக்கம், அவன்தான் வந்து அப்டேட்டைக் கழற்றிப் பழைய நிலைக்குத் திருப்பிக் கொடுத்தான். அவன் செய்வதை நாகு திரை திரையாகப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைப்பான். கெடு முடிந்ததும் மறுபடி நிறுத்துவான். அந்த வாரம் கெடு முடிந்ததைக் கவனிக்கவில்லை. 'கே'யின் கொம்பில் இருந்தான்.

அந்த வியாழக்கிழமை ஆற்றுகால் பொங்காலை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்று லட்சக்கணக்கில் பெண்கள் வந்து, கோயிலைச் சுற்றி ஊரின் பாதித் தெருக்களில் செங்கல் அடுப்பு கூட்டி அம்மனுக்குப் பொங்கலிடுவார்கள். எங்கள் தெருவிலும் வாசலுக்கு வாசல் அடுப்புதான். வண்டி ஓடாது. அடுப்பு மூட்டியவர்கள், பிற்பகலில் பூசாரி வந்து தீர்த்தம் தெளிக்கும்வரை இடம்விட்டு நகர மாட்டார்கள். உள்ளே இருக்கிற சக்கர நாற்காலி வெளியே போகவும் முடியாது, வெளியே இருக்கிற ஆள் உள்ளே வரவும் முடியாது.

தூரத்திலிருந்து வருகிறவர்கள் முந்தின நாளே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். தெருக்காரர்கள் கதவைத் திறந்து வைப்பது வழக்கம்: குளிக்க, தண்ணீர் பிடிக்க, இப்போதெல்லாம் போன் சார்ஜ் போட. எங்கள் ஜன்னலுக்குக் கீழே வருஷா வருஷம் அடுப்பு கூட்டுகிறவர் பாறசாலைப் பக்கத்து அம்மிணி. கோழி வளர்ப்பு, பெரிய குரல், பானை மட்டும் சிறியது. இந்தத் தடவையும் புதன்கிழமை இரவே வந்து முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார்.

விடிந்ததும் நாகுவை நாற்காலியில் உட்கார வைத்து, குச்சியைச் சரியாகப் பொருத்தி, கம்ப்யூட்டரைப் போட்டேன். நீலத் திரை வந்தது. அதில் ஏதோ நான்கைந்து கட்டங்கள், எல்லாம் இங்கிலீஷில். நாகு குமிழைத் தள்ளினான். அம்பே இல்லை.

"என்னடா இது?"

"அப்டேட் பாதியில நின்னிருக்கு" என்றான். "ராத்திரி கரண்ட் போச்சா?"

"போகல்லியே."

அம்மிணி வாசலில் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"மாமி, நான் ஒரு காரியம் சொல்லட்டா? ராத்திரி போனு சார்ஜ் போடணும்னு அந்த பிளக்க ஊரி எடுத்தது நான்தான். அந்த டி.வி.யில படம் ஒண்ணும் ஓடல்ல. ஒரு வட்டம் மட்டும் கிடந்து கறங்கிச்சு. சும்மா கறங்குததுக்கு எதுக்கு கறண்டுன்னு நெனச்சேன். விடியக்காலம் திரும்பச் சொருகி வச்சேன்."

நாகு என்னவோ சொன்னான்.

"என்ன சொல்லுது பிள்ளை?"

"சும்மா கறங்கல்லையாம். அப்டேட் ஆயிண்டிருந்ததாம்."

"அப்டேட்டுன்னா?"

அதற்கு நான் என்ன சொல்வேன். சாயங்காலத்துக்குள் அவன் கையெழுத்துப் போட வேண்டும், அது இந்தப் பெட்டி வழியாகத்தான், இந்தப் பெட்டி இப்போது செத்துக் கிடக்கிறது என்று சொன்னேன். அம்மிணி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பிரதீஷுக்குப் போன் போட்டேன். அத்தனை லட்சம் போன்கள் ஒரே இடத்தில். லைன் கிடைப்பதே பாடு. கடைசியில் கிடைத்தான். "சேச்சி, வண்டியை சாக்கை ஜங்ஷனுக்கு அப்புறம் விட மாட்டேங்கறா. ஞான் நடந்து வராம். நாகுவோட சொல்லு, பழைய வழி தன்னே..." அத்தோடு போயிற்று. மறுபடி எத்தனை தடவை அழுத்தியும் கிடைக்கவில்லை. நடந்து வருகிறேன் என்றவனும் வந்து சேரவில்லை.

"அக்கா, நீ கீபோர்டை எடு. நான் சொல்றேன்" என்றான் நாகு. தாடைக்குச்சி இந்த நீலத் திரையில் வேலை செய்யாது. சாதாரண கீபோர்டு செய்யும். அம்புப் பட்டன்களும் என்டரும் இருந்தால் போதும்.

அலமாரியின் அடியிலிருந்து பழைய கீபோர்டைத் தேடி எடுத்துத் துடைத்துச் செருகுவதற்குள் வெளியே குரவை ஒலி கேட்டது. கோயில் அடுப்பில் தீ மூட்டியாயிற்று என்று அர்த்தம். தெருக்கோடியிலிருந்து அடுப்புக்கு அடுப்பு தீ கைமாறி வந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு நியமம் உண்டு. மூட்டியவள்தான் கிளற வேண்டும். பானை பொங்கி வழியும்வரை அகப்பை கைமாறக் கூடாது. அம்மா காய்ச்சலோடும் அதை விட்டதில்லை. இந்த வருஷம் வேண்டுதலே நாகுவின் வேலைக்காகத்தான். அதற்காக வைத்த பானையை அதற்காகவே எப்படி விட்டுப் போவது? கையில் கீபோர்டோடு நடுக்கூடத்தில் நின்றேன்.

"போ. பத்த வை" என்றான் நாகு. "அம்மிணி சேச்சி அமுக்கட்டும்."

"அவருக்கு நீ சொல்றது புரியாதேடா."

"ஒனக்குப் புரியும் இல்லையா. ஜன்னலைத் திற."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே நான், எதிரில் பெரிய பானை. ஜன்னலுக்கு உள்ளே நாகு திரையை வாசித்துச் சொல்வான். நான் கிளறிக்கொண்டே அதைப் புரிகிற தமிழாக்கி உரக்கச் சொல்வேன். அம்மிணியின் சிறிய பானை எடுத்த எடுப்பில் பொங்கி வழிந்துவிட்டது. அதை மூடி வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராதுல்லா, மாமி."

"வாசிக்கறது அவன். நீங்க அமுக்கினாப் போறும். கீழ் பாத்த அம்பு, ரெண்டு தடவை."

"இதுவா?"

"அது மேல் பாத்தது."

"ரெண்டும் ஒரே போலல்லா இருக்கு. சரி, கீழ. ஒண்ணு, ரெண்டு."

"என்டர்."

"என்டர் எது?"

நாகு சொன்னான். நான் சொன்னேன்: "எல்லாத்துலயும் பெரிசா, வலது பக்கத்துல, மடங்கின அம்பு போட்டு."

"ஆ, கிட்டிச்சு."

புகை உள்ளே போனது. தென்னம்பாளை எரிகிற புகை, தெரு முழுவதின் புகை. நாகுவுக்கு இருமல் வந்தால் லேசில் நிற்காது. உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். அம்மிணி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சாத்தினால் அவன் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. மறுபடி திறந்தார். திறந்தால் இருமல். கதவைத் திறந்து அவனைக் கூடத்துக்குத் தள்ளினால் திரை தெரியாது. வேறு வழியில்லாமல் ஈரத் துண்டை அவன் மூக்கில் கட்டினார் அம்மிணி. அதற்குமேல் அவன் பேச்சு எனக்கே பாதிதான் புரிந்தது.

கடைசியாக வந்த அப்டேட்டைக் கழற்று என்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என்டர். வட்டம் சுற்றியது. அம்மிணி ஒவ்வொரு நிமிஷமும் அதன் நிலவரத்தைச் சொன்னார்: "கறங்குது. இன்னும் கறங்குது. மாமி, நின்னுட்டு."

நான் ஜன்னலை நோக்கிக் கழுத்தை நீட்டினேன்.

"என்னடா எழுதியிருக்கு?"

"முடியல்லேங்கறது" என்றான்.

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பேங்கில் விரலை அழுத்தும்போது இருக்குமே, அந்த முகம். எனக்குத் தாங்கவில்லை. இடது கையால் இடுப்பிலிருந்து போனை எடுத்தேன். வீட்டு வை-ஃபை ஜன்னல் வரைக்கும் வரும். அந்த லிங்க் என் போனுக்கும் வந்திருந்தது. தொட்டேன், திறந்தது. வெள்ளைக் கட்டம். இங்கே கையெழுத்திடவும்.

"நாகு, இதுல நான் விரலால எழுதிடட்டுமா? ஒன் பேரைத்தானே எழுதப் போறேன்."

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"மக்களே, அக்கா சொல்லுகது சரி" என்றார் அம்மிணி. "யாரு பாக்கப் போறா? பேரு உன் பேருல்லா."

"அந்தப் போனை இங்க கொண்டா, நான் எழுதறேன்" என்றான் நாகு.

அவனால் முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும். அவன் விரல் போன் திரையில் பட்டால் பத்து இடத்தில் படும். குச்சி போனோடு சேராது. அவன் கேட்டது போனை அல்ல.

"நாளைக்கு அவா கேப்பா, நீங்கதானே போட்டேள்னு. நான் ஆமான்னு சொல்லணும். வேலையே பொய்யில ஆரம்பிக்கணுமா? அப்படின்னா அந்தக் காப்பாளர் கட்டத்துலயே நீ போட்டிருக்கலாமே, அக்கா."

இத்தனை நீளமாக அவன் பேசினால் களைத்துப்போவான். அம்மிணி என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுது?"

"வேண்டாங்கறான்."

"அது எனக்கும் விளங்கிச்சு" என்றார் அம்மிணி.

போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். பானையின் அடி பிடிக்கத் தொடங்கியிருந்தது; கிளறினேன். இதற்குமேல் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, தெருவில் அடுப்போடும் அவன் அறையில் நாற்காலியோடும் கட்டுண்டு கிடக்கிறோம் என்று பட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது.

கொஞ்சநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. "பின்னால போகச் சொல்லு. இன்னொரு வழி இருக்கு. முழுசா பழைய தேதிக்குத் திரும்பறது."

அது பிரதீஷ் ஒருமுறை காட்டிக்கொடுத்த வழி. கம்ப்யூட்டர் அவ்வப்போது தன்னிலையை ஒரு தேதி போட்டுப் பத்திரப்படுத்தி வைக்குமாம். அந்தத் தேதிக்கே திரும்பிப் போய்விடலாமாம்; நடுவில் வந்ததெல்லாம் இல்லாமல் போகும். நேரம் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் அதுவும் போயிற்று.

அம்பு, அம்பு, என்டர். இப்போது அம்மிணிக்குப் பட்டன்கள் பழகிவிட்டன. திரை நின்றது. பாஸ்வேர்டு கேட்டது.

"சொல்லுடா."

அவன் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தான்.

"நாகு, பாஸ்வேர்டு."

"மெல்லச் சொல்லேன்" என்றான். "தெருவே கேக்கும்."

"தெரு கேக்காம நான் எப்படி அவருக்குச் சொல்றது? இந்த இரைச்சல்ல?"

அவன் சொன்னான். நான் தெருவில் நின்று, கையில் அகப்பையோடு, கத்தினேன்: "எஸ். எச். ஐ. எல். பி. ஏ."

பக்கத்து அடுப்புக்காரப் பெண் எழுத்துகளைக் கூட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "ஷில்பாவா? யாரு மாமி அது?"

உள்ளேயிருந்து நாகு ஒரே சொல் சொன்னான்.

"பஸ் பேராம்" என்றேன்.

"பஸ்ஸா?" என்றார் அம்மிணி. "பஸ்ஸுக்கு எதுக்கு மக்களே முகம் இப்படிச் சிவக்குது?"

சுற்றியிருந்த நாலைந்து அடுப்புக்காரர்களும் சிரித்தார்கள். நாகுவும் துண்டுக்குள் சிரிப்பது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பில்தான் என் பானை நுரைத்து விளிம்பைத் தாண்டிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. பக்கத்துப் பெண் குரவையிட்டாள். நான் அகப்பையைத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது தேதிகளின் வரிசை திரையில் இருந்தது. நாகு "ரெண்டாவது" என்றான். நான் வாய் திறப்பதற்கு முன் அம்மிணி அம்பை ஒருமுறை தட்டி என்டரை அழுத்திவிட்டார். அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரும் அதைக் கவனிக்கவில்லை, நாகு கவனித்தான்.

மறுபடி அந்த வட்டம்.

அதற்குப் பிறகுதான் கஷ்டகாலம். செய்ய ஒன்றும் இல்லை. நாகு திரையைப் பார்த்தபடி இருந்தான். அறையில் புகையும் வெக்கையும். மின்விசிறியைப் போட்டால் புகை சுழன்று அவன் முகத்துக்கே வந்தது. அடிக்கடி யாராவது கையில் சார்ஜரோடு எட்டிப் பார்த்தார்கள். அம்மிணி அந்தப் பிளக்கின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இதுல கை வச்சா கைய முறிச்சிருவேன், பிள்ளே. போ, அடுத்த வீட்டுல போய்க் கேளு."

"கொஞ்ச நேரம் மட்டும் சேச்சி. பத்து சதமானம் சார்ஜே இருக்கு."

"இங்க ஒரு ஆளுக்க வேலையே இருக்கு. போ."

வானத்தில் விமானம் வந்து பூத் தூவியது. தெருவே அண்ணாந்தது. தீர்த்தம் தெளிக்கிற பூசாரி பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டார் என்றார்கள். நான் அம்மிணியை எழுப்பினேன்: "நீங்க போங்கோ, ஒங்க பானைக்குத் தெளிக்கணும். நான் பாத்துக்கறேன்." அவர் அசையவில்லை.

"என் பானைக்கும் சேத்துத் தெளிக்கச் சொல்லுங்க, மாமி. நான் ஊரினது. நான்தான் காக்கணும்."

வெளியே போனேன். தீர்த்தம் என் பானையிலும் விழுந்தது, அவர் பானையிலும் விழுந்தது. அவரோடு வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கூப்பிட்டார்கள். ஜன்னல் வழியாகவே பதில் சொல்லி அவர்களை அனுப்பினார்: "நீங்க போங்க. நான் பிந்தின ரயிலுல வாறேன்."

ஜனங்கள் கலையக் கலையத் தெரு சாம்பலும் செங்கல்லுமாகக் கிடந்தது. நான்கு மணி தாண்டிவிட்டது. திரை கறுத்தது. அம்மிணி பிளக்கைத் தொட்டுப் பார்த்து, "நான் ஒண்ணும் செய்யல்ல" என்றார்.

பிறகு அவனுடைய பழைய திரை வந்தது. பின்னணியில் செஸ் பலகை. நாகு தாடையைத் தாழ்த்தினான். குமிழை இடப்பக்கம் தள்ளினான். அம்பு இடப்பக்கம் போனது.

"நெட்டைப் பிடுங்கு" என்றான் உடனே.

அம்மிணி எழுந்து நெட் ஒயரை உருவிவிட்டார். இந்தத் தடவை சரியானதைத்தான். நெட் இருந்தால் அதே அப்டேட் திரும்ப இறங்கத் தொடங்கும். கெடு முடிந்துவிட்டதால் நிறுத்தி வைக்கவும் விடாது. நாகு அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இது அளந்து செலவாகும் இணைப்பு என்று ஒரு இடத்தில் மாற்றி வைத்தான். அப்படி வைத்தால் பெரிய அப்டேட்டுகளைக் கேட்காமல் இறக்காதாம். பிரதீஷ் சொல்லித் தந்ததல்ல. அவனே எங்கோ படித்தது. பிறகு ஒயரைச் செருகச் சொன்னான். பக்கம் திறந்தது. வெள்ளைக் கட்டம் வந்தது.

நாள் கணக்கில் பழகியவனுக்கு முதல் எழுத்திலேயே இருமல் வந்தது. கோடு கட்டத்தைக் குறுக்கே வெட்டி ஓடியது. அழித்தான். இரண்டாவது தடவை 'நாகே' வரை நன்றாக வந்து, 'ஸ்'ஸில் கழுத்து விறைத்துக்கொண்டது. கழுத்தைப் பிடித்துவிடப் போனேன். "தொடாதே" என்றான். கையை எடுத்துக்கொண்டேன். அவனாக விறைப்பு தளரும்வரை காத்திருந்தான். சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. அம்மிணி பார்த்தார், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அத்தனை பெரிய குரல் அப்படி அடங்கி நான் கண்டதில்லை.

மூன்றாவது தடவை தாடை நகர்ந்தது. நா. கே. கொம்பு குடையும் இல்லை, கிழங்கும் இல்லை, வேறு ஏதோ. ஸ். வ. ர. கடைசி 'ன்'னின் வால் கட்டத்தின் விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது. புள்ளி அதன் தலைக்கு மேல் விழாமல் கொஞ்சம் தள்ளி, பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி நின்றது.

"கோணலா இருக்கேடா" என்றேன். "நேரம் இருக்கு. இன்னொரு தடவை..."

"இருக்கட்டும். என்னுதுதானே" என்றான்.

குமிழைக் கீழே அழுத்தினான். வட்டம் ஒருமுறை சுற்றியது. அம்மிணி பிளக்கின் முன்னால் கையை விரித்து நின்றார். பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது, பெறப்பட்டது என்று. அதற்குக் கீழே அவன் எழுதிய பெயர், அப்படியே, வாலும் தள்ளி நின்ற புள்ளியுமாக. காப்பாளர் என்கிற இடமே அந்தப் பக்கத்தில் இல்லை. பெயருக்கு அடியில் தேதியைக் கம்ப்யூட்டரே போட்டிருந்தது: 2025 மார்ச் 13.